காலத்திற் பின்னோக்கிச் செல்லும் இலத்திரன்

ஒரே மரத்தின் இரண்டு இலைகளை ஒப்பிட்டுப் பார்ப்போர் அவற்றிடையே ஏதேனுமொரு வேற்றுமை காண்பர். ஒருங்கு பிறந்த இரட்டையரையும் பெற்றவள் பிரித்தறிவாள். இலத்திரன்களோ இவ்விதிக்குப் புறம்பானவை. நம் வீட்டு மின்கம்பியில் ஓடும் இலத்திரனும், எத்தனையோ ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீனில் இருக்கும் இலத்திரனும் திணிவிலும் மின்னேற்றத்திலும் இம்மியும் வேறுபடுவதில்லை. இவ்வொருமைப்பாடு எங்ஙனம் வந்தது?

1940ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் வீலருக்கு இவ்வினாவுக்கு விந்தையான விடையொன்று தோன்றியது. உடனே தம் மாணாக்கரான றிச்சாட் பெயின்மனைத் தொலைபேசியில் அழைத்தார். இலத்திரன்கள் யாவும் ஒத்திருப்பதற்குக் காரணம், பிரபஞ்சத்தில் இருப்பது ஒரே ஓர் இலத்திரன் என்பதே என்றார்! 1965இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிற் பெயின்மனே இச்செய்தியைக் கூறியுள்ளார்.

ஒன்று எங்ஙனம் பலவாகத் தோன்றும்? நெசவாளரின் தறியை நினைவிற் கொள்க. பாவின் ஊடே நாடா வலமாக ஓடுகிறது. கரையைத் தொட்டதும் திரும்பி இடமாக ஓடுகிறது. துணி முழுவதிலும் குறுக்கே செல்வது ஒரே ஊடை நூல். ஆயினும் அத்துணியை நடுவே நெடுக வெட்டிப் பார்ப்பவனுக்கு நூற்றுக்கணக்கான நூல் முனைகள் தெரியும். நாம் ‘இப்பொழுது’ என்று சொல்லுங் கணம் அவ்வெட்டுப் போன்றது. இறந்த காலத்திலிருந்து எதிர்காலத்துக்கும், அங்கிருந்து மீண்டும் இறந்த காலத்துக்கும் ஓரிலத்திரன் ஓயாது ஓடுமாயின், இக்கணத்தில் அது கோடானுகோடியாகக் காணப்படும். பின்னோக்கி ஓடுங்கால் அதன் மின்னேற்றம் மறுதலையாகத் தோன்றும். 1932இல் கார்ள் அண்டர்சன் கண்டுபிடித்த பொசித்திரன் அதுவே என்பது வீலரின் கருத்து.

பெயின்மன் இதைக் கேட்டு மயங்கிவிடவில்லை. வலமாகச் சென்ற நூல் வெட்டை எத்தனை முறை கடந்ததோ, அத்தனை முறை இடமாகவும் கடந்திருத்தல் வேண்டும். ஒன்று கூடலாம் அல்லது குறையலாம், அவ்வளவே. அங்ஙனமாயின் இலத்திரன்கள் எத்தனையோ அத்தனை பொசித்திரன்களும் இருக்கவேண்டுமே, அவை எங்கே என்று கேட்டார். புரோத்தன்களுக்குள் ஒளிந்திருக்கக்கூடும் என்று வீலர் சமாளித்துப் பார்த்தார். அது பலிக்கவில்லை.

ஆனால் அக்கற்பனையின் ஒரு பாதி பிழைத்தது. பொசித்திரனைக் காலத்திற் பின்னோக்கிச் செல்லும் இலத்திரனாகக் கொண்டு கணிக்கலாம் என்பதைப் பெயின்மன் விடாது பற்றிக்கொண்டார்; 1949இல் அதனை ஒரு முறையான கொள்கையாகவே வெளியிட்டார். (சுவிற்சலாந்தைச் சேர்ந்த ஸ்டூக்கெல்பேர்க் என்பார் 1941இலேயே தனித்து நின்று இதனை எடுத்துரைத்திருந்தார். உலகம் அவரைப் போதியவளவு கவனித்ததாகத் தெரியவில்லை.)

வகுப்பிற் காலத்தை மேல்நோக்கியும் தூரத்தைக் கிடையாகவும் வரைந்து நான் இதனை விளக்குவதுண்டு. இலத்திரனும் பொசித்திரனும் சந்தித்து அழிந்து காமாக் கதிர்களாகின்றன என்பது வழக்கமான கூற்று. கரும்பலகையிலோ ஒரே கோடு மேலேறி, வளைந்து, கீழிறங்குகிறது. அங்கே அழிவு இல்லை, திருப்பமே உண்டு. “அப்படியென்றால் நாமும் நேற்றைக்குப் போகலாமா, சேர்?” என்று எவனாவது கேளாதிருப்பதில்லை. போக முடியாது. கோட்டை எத்திசையிற் படித்தாலும் கணக்கின் விடை ஒன்றே. விடை மாறாதபோது, நேற்றைக்கு ஒரு செய்தியை அனுப்புவதற்கு அதில் வழியேதுமில்லை.

இக்கணக்கு முறை கருந்துளையின் வாயிலிலும் பயன்பட்டது. சூரியனின் திணிவு முழுவதையும் 3 கிலோமீற்றர் ஆரைக்குள் ஒடுக்கினால், அதிலிருந்து ஒளியும் வெளியேறாது. ஆகவே கருந்துளை எதனையும் உமிழாது என்றே விஞ்ஞானிகள் கருதியிருந்தனர். 1974இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீபன் ஹோக்கிங், அதற்கும் ஒரு வெப்பநிலை உண்டு, துணிக்கைகளை உமிழ்ந்து அது மெல்லத் தேயும் என்று காட்டினார். 1976இல் அவரும் ஜேம்ஸ் ஹாட்டிலும் பெயின்மனின் முறையைக் கையாண்டே அம்முடிவை மீண்டும் பெற்றனர். வெற்றிடத்தில் ஒரு சோடி தோன்றுகிறது. எதிர்த்துணிக்கை உள்ளே விழ, துணிக்கை தப்பிச் செல்கிறது. உள்ளே விழுவதைக் காலத்திற் பின்னோக்கி வெளிவருவதாகப் படியுங்கள். அப்பொழுது துளைக்குள்ளிருந்து ஒரே துணிக்கை பின்னோக்கி வந்து, எல்லைக்கு வெளியே ஈர்ப்பினால் திருப்பப்பட்டு, முன்னோக்கிச் செல்கிறது. தறியின் நாடா கரையில் திரும்புவதும் இவ்வாறுதானே!

எனினும் மாணாக்கர் இங்கே எச்சரிக்கையாக இருத்தல் நன்று. சூரியனளவு திணிவுள்ள கருந்துளையின் வெப்பநிலை, ஒரு கெல்வினிற் கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. விண்வெளியெங்கும் பரந்துள்ள கதிர்வீச்சின் வெப்பநிலையோ 2.7 கெல்வின். ஆதலால் அக்கருந்துளை இன்று தேய்வதற்குப் பதிலாக உண்டு கொழுக்கவே செய்யும். நூறு கோடித் தொன் நிறையுள்ள மலையொன்று புரோத்தனளவுக்கு ஒடுங்கியிருப்பின், அதன் வெப்பநிலை பத்தாயிரங் கோடிப் பாகையைத் தாண்டும். அத்தகையது எதுவும் இதுவரை அகப்படவில்லை. 2018இல் மறைந்த ஹோக்கிங் தாம் கூறிய கதிர்வீச்சு விண்ணிற் காணப்பட்ட செய்தியைக் கேட்காமலே போனார்.

பெயின்மன் எழுப்பிய கேள்வியும் தீர்ந்தபாடில்லை. ஆதியிற் சடமும் எதிர்ச்சடமும் சமமாக இருந்து, சமமாகவே அழிந்திருப்பின், எஞ்சுவது பெரும்பாலும் ஒளியே. இதனை எழுத நானும் வாசிக்க நீங்களும் இருந்திரோம். 1964இல் கிறோனின், பிற்ச் ஆகிய அமெரிக்கர் இருவர், கே-மெசோன் எனுந் துணிக்கையின் சிதைவை ஆராய்ந்து, இயற்கை அவ்விரண்டையும் ஒருதன்மையாக நடத்தவில்லை எனக் கண்டனர். ஆயினும் அவ்வேற்றுமை மிகச் சிறிது. நாம் இருப்பதற்கு அது போதாது.

காலத்திற் பின்னோக்கிச் செல்வதெனின் எதிர்ச்சடம் மேல்நோக்கி விழுமோ என்று ஐயுற்றோரும் உண்டு. மேலே எறிந்த கல்லைப் படம்பிடித்து, அப்படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கல் எழுந்து விழும். ஆர்முடுகல் நிலத்தை நோக்கியே இருக்கும். 2023இல், ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் எதிர்-ஐதரசன் அணுக்களைக் காந்தப் பொறியிலிருந்து விடுவித்து நோக்கினர். அவற்றுட் பெரும்பாலானவை கீழேதான் விழுந்தன.