உங்களுக்குத் தெரியுமா? ரத்தத்தில் ஒரு நோய், நிதியில் ஓரவஞ்சனை!

அரிவாள் செல் ரத்தசோகை! பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ரத்த நோய். அமெரிக்காவில் இதனால் அவதிப்படுபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆராய்ச்சிப் பணம் அவர்களை எட்டியதா? தோண்டித் துருவி எடுத்து வந்திருக்கிறோம். இதோ!

★ 1904, சிகாகோ. கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த கறுப்பின மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருடைய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பயிற்சி டாக்டர் அசந்துபோனார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து கிடந்தன! டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் இதைக் கட்டுரையாக வெளியிட்டது 1910-ல்!

★ நல்ல சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அரிவாள் அணுவுக்கோ 10 முதல் 20 நாள்தான்! ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் விறைத்து வளையும். நுண்ணிய ரத்தக் குழாயில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அப்போது வரும் வலி... உயிரே போய்விடும்!

★ பீட்டா குளோபின் புரதத்தில் 146 அமினோ அமிலங்கள். இந்த நோயில் மாறியிருப்பது ஒன்றே ஒன்று. ஆறாவது!

★ மூலக்கூறு அளவில் காரணம் பிடிபட்ட உலகின் முதல் நோய் இதுதான். பிடித்தவர் லைனஸ் பாலிங் குழு, 1949-ல். அமெரிக்காவில் இதற்கென்று முதல் மருந்து அனுமதி பெற்றது எப்போது? 1998-ல்!

★ அந்த மருந்தாவது புதுசா? இல்லை! புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த ஹைட்ராக்சியூரியா. ஜெர்மனியில் அது முதலில் தயாரிக்கப்பட்ட ஆண்டு 1869!

★ 1967-ல் அமெரிக்காவில் அரிவாள் செல் நோயோடு பிறந்த குழந்தைகள் சுமார் 1,155. வெள்ளையரிடம் அதிகம் காணப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு பிறந்தவை சுமார் 1,206. கிட்டத்தட்ட சமம்! தொண்டு அமைப்புகள் திரட்டிய பணம்? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு 19 லட்சம் டாலர். அரிவாள் செல்லுக்கு 1 லட்சம்கூடத் தேறவில்லை!

★ அதே ஆண்டு தசைச் சிதைவு நோயோடு பிறந்தவை வெறும் 813. திரண்ட நிதியோ 79 லட்சம் டாலர்!

★ அரசு அசையாதபோது தெருவில் இறங்கியது யார் தெரியுமா? கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடிய பிளாக் பாந்தர் கட்சி! 1971-ல் இலவச ரத்தப் பரிசோதனையைத் தொடங்கியது. அதிபர் நிக்சன் இந்த நோய்க்கான தனிச் சட்டத்தில் கையெழுத்திட்டது 1972 மே மாதம்!

★ நோயே வேண்டாம், மரபணுவைச் சுமந்தாலே போதும். அமெரிக்க விமானப்படை அகாடமியின் கதவு சாத்தப்பட்டது. திறந்தது 1981-ல்!

★ தினம் இரண்டு வேளை பென்சிலின். அவ்வளவுதான்! அரிவாள் செல் நோயுள்ள குழந்தைகளைக் கொல்லும் நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. நிரூபித்த ஆண்டு 1986. ஆனால் மருந்து கொடுக்க, நோயைப் பிறந்ததுமே கண்டுபிடிக்க வேண்டுமே! அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் பிறந்த குழந்தைகளுக்கு அரிவாள் செல் பரிசோதனை வந்த ஆண்டு 2006!

★ அதெல்லாம் பழங்கதை என்கிறீர்களா? 2008 முதல் 2018 வரையிலான கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் அரிவாள் செல் நோயாளிகள் சுமார் 1 லட்சம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் சுமார் 30,000. ஆனால் ஆராய்ச்சிக்கு அரசு தந்த பணம், ஆண்டுக்கு ஒரு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிக்குச் சராசரியாக 2,807 டாலர். அரிவாள் செல் நோயாளிக்கு 812!

★ அறக்கட்டளைப் பணம் இன்னும் மோசம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குத் தலைக்கு 7,690 டாலர், அரிவாள் செல்லுக்கு 102. எழுபத்தைந்து மடங்கு!

★ பணம் போன இடத்துக்குத்தானே மருந்தும் போகும்? அதே காலத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு அனுமதி பெற்ற புது மருந்துகள் 4. அரிவாள் செல்லுக்கு 1!

★ சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை 2014-ல் தன் மருந்து ராயல்டி உரிமையை விற்றது. கைக்கு வந்தது 330 கோடி டாலர்!

★ நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு! 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் மரபணு இருப்பது தெரியவந்தது. இந்தியாவின் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். இடையில் 71 ஆண்டுகள்!

★ 2023 டிசம்பரில் ஒரே நாளில் இரண்டு மரபணு சிகிச்சைகளுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. ஒன்றின் விலை 22 லட்சம் டாலர். மற்றொன்று 31 லட்சம்!

★ உலகில் ஆண்டுதோறும் இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பிறப்பது சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். 22 லட்சம் டாலருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? நீங்களே சொல்லுங்கள்!