நாலு குளிசையும் ஆறாத காயமும்

காலில் செல் துண்டுடன் வாழும் ஒருவரை அண்மையில் கிளிநொச்சியில் சந்தித்தேன். 2009இல் பட்ட காயம். வருடத்தில் இரண்டு மூன்று தடவை அந்த இடம் வீங்கி, சிறு துவாரத்தால் சீழ் வடியும். அப்போதெல்லாம் பாமசியில் பழைய குளிசை மட்டையைக் காட்டி, கையிலிருக்கும் காசுக்கு நாலோ ஆறோ வாங்குவார். வீக்கம் வற்றியதும் நிறுத்திவிடுவார்.

“ஆசுப்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிடும். போனாலும் உடன மருந்து தரமாட்டினம், டெஸ்ட் எடுக்கோணும் எண்டுவினம்” என்றார்.

அவருடைய சலிப்பு நியாயமானது. ஆனால் அந்த டெஸ்டில்தான் விசயமே இருக்கிறது.

அன்டிபயோட்டிக் இரத்தத்தின் வழியாகவே காயத்தைச் சென்றடைகிறது. செல் பட்டுச் சிதைந்த எலும்பில் ஒரு பகுதி இறந்துபோயிருந்தால் அங்கே இரத்த ஓட்டம் இல்லை; மருந்தும் போகாது. உள்ளே தங்கிய உலோகத் துண்டின் மேல் பக்டீரியாக்கள் பிசின் போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும். நாலு குளிசை வெளியே உள்ளவற்றைக் கொல்லும். வீக்கம் வற்றும். உள்ளே இருப்பவை மிஞ்சும். எலும்புத் தொற்றுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையும், வாரக்கணக்கில், பல சமயம் ஆறு வாரமளவுக்கு, மருந்தும் தேவைப்படுவது இதனால்தான்.

மருந்தைச் சகிக்கக்கூடிய பக்டீரியாக்கள் எந்தக் கூட்டத்திலும் ஒரு சில இருக்கும். குறைந்த அளவில் அடிக்கடி மருந்து போடும்போது மற்றவை சாக, இவை பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே இந்த ஆபத்தைச் சொல்லிவிட்டார்.

அடுத்தது கல்ச்சர் எனப்படும் அந்தச் சோதனை. சீழையோ, இன்னும் நல்லதாக ஆழத்திலிருந்து எடுத்த திசுவையோ ஆய்வுகூடத்தில் வளர்த்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். காய்ச்சல் கடுமையாகி உயிருக்கு ஆபத்தென்றால் வைத்தியர்கள் காத்திருப்பதில்லை. மாதிரியை எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்குவார்கள். நாங்கள் முதல்நாளே பாமசிக் குளிசையைப் போட்டுவிட்டுப் போனால் கல்ச்சரில் ஒன்றுமே வளராமல் போகலாம். அதனால் என்ன குளிசை போட்டோம் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏச்சு விழும் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம்.

“பலமான ஊசி போடுங்கோ டொக்டர்” என்று கேட்பதும் எங்களிடம் பழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2017இலிருந்து அன்டிபயோட்டிக்குகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. அமொக்சிசிலின், குளோக்சசிலின் போன்றவை முதலில் கொடுக்க வேண்டியவை. சிப்ரோஃப்ளொக்சசின், செஃப்ட்ரியக்சோன், மெரோபெனெம் ஆகியவை அவதானத்துடன் கொடுக்க வேண்டியவை. கொலிஸ்டின் போன்றவை வேறு வழியில்லாதபோது மட்டும். கடைசி வரிசை மருந்தை இன்றே செலவழித்தால் நாளைக்கு எடுக்க ஒன்றும் இராது.

மருந்தைச் சரியாகப் போட்டாலும் கிருமி வைத்தியசாலைக்குள்ளேயே தொற்றலாம். 2003க்குப் பின் ஈராக்கில் காயப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் காயங்களில் பல மருந்துக்கும் அடங்காத அசினெட்டோபக்டர் என்ற கிருமி காணப்பட்டது. போர்க்களத்து மண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்று முதலில் சந்தேகித்தார்கள். ஆராய்ந்தபோது, முக்கிய மூலமாகக் கள வைத்தியசாலைகளே தெரியவந்தன.

எங்கள் விடுதிகளில் ஒரு கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்பதும், நோயாளியின் கட்டிலிலேயே அமர்வதும், பக்கத்துக் கட்டில்காரரின் கட்டைத் தொட்டுப் பார்ப்பதும் அன்பின்பாற்பட்டவை. கிருமிக்கு அது தெரியாது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சவர்க்காரம் போட்டு 40 செக்கனாவது கை கழுவ வேண்டும். கட்டை மாற்ற வரும் தாதியிடம் “கை கழுவினீங்களா மிஸ்?” என்று கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. ஆனால் குழாயில் தண்ணீர் வராத, ஒரு தாதி ஒரு முழு விடுதியைப் பார்க்கும் இடத்தில் இதைக் கேட்பவருக்கும் சங்கடம், கேட்கப்படுபவருக்கும் சங்கடம். சவர்க்காரமும் ஆளணியும் தருவது சுகாதார அமைச்சின் பொறுப்பு. பழியை நோயாளியின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

காசு விசயமும் அப்படித்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்து, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்ததை மறந்திருக்கமாட்டோம். ஏழு நாள் மருந்துக்குக் காசில்லாதவர் மூன்று நாளுக்குத்தான் வாங்குவார். அப்படியொரு நிலை வந்தால் பேசாமல் பாதியை வாங்கி வராமல், வைத்தியரிடமே திரும்பிப்போய்ச் சொல்வது நல்லது. வைத்தியசாலையில் இருக்கும் வேறு மருந்துக்கு மாற்ற இடமிருக்கிறதா என்று அவர் பார்க்கலாம்.

கிளிநொச்சிக்காரர் கடைசியில் கிளினிக்குக்குப் போனார். கல்ச்சர் முடிவில் அவர் வழக்கமாக வாங்கும் குளிசையின் பெயருக்கு நேரே, அந்தக் கிருமிக்கு அது வேலை செய்யாது என்று இருந்தது. 2009க்கு முந்திய காகிதம் எதுவும் அவரிடம் மிஞ்சவில்லை. இந்த ஒன்றை மட்டும் பொலித்தீன் பையில் போட்டு, கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்.