கொக்கியை எங்கே மாட்டுவது?

1998-ல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபோது ஹைதராபாத்தின் மாதாப்பூர் பெரும்பாலும் பாறையும் புதருமாகத்தான் கிடந்தது. இன்று அங்கிருந்து கச்சிபௌலி, நானக்ராம்குடா வரைக்கும் கண்ணாடி போர்த்திய கட்டடங்கள். அந்தக் கண்ணாடியை யாராவது துடைத்தாக வேண்டும். சோப்புத் தண்ணீர் வாளியோடு இருபதாவது மாடி உயரத்தில் தொங்குகிறவரைக் கீழிருந்து பார்க்கும்போது, கயிறு தாங்குமா என்றுதான் பதறுகிறோம். கயிறு பெரும்பாலும் தாங்கிவிடும். அதன் மறுமுனையை மொட்டைமாடியில் எதில் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கான பதில், கட்டடம் எழும்பும் முன்பே ஒருவர் போட்ட வரைபடத்தில் இருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும்.

பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய மூன்று மாடியிலிருந்து, தவறி விழுபவர் ஒன்றரை வினாடிக்குள் தரையில் மோதுகிறார். அப்போது அவர் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பெல்ட் அவரை நடுவழியில் பிடித்து நிறுத்தும் கணத்தில், அதிர்ச்சி தாங்கி பொருத்திய கயிறாக இருந்தாலும், கொக்கி மாட்டிய இடத்தைச் சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான விசை இழுக்கலாம். தண்ணீர்க் குழாயோ ஜன்னல் கம்பியோ இதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. இடமும் வேண்டும். கயிற்றின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதிர்ச்சி தாங்கி பிரிந்து நீள்வது ஒரு மீட்டர். அதற்குக் கீழே அவருடைய உடல். அதற்கும் கீழே கொஞ்சம் இடைவெளி. ஆக, கொக்கிக்குக் கீழே ஐந்தரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். முதல் மாடி விளிம்பில் காலடியில் கொக்கியை மாட்டிக்கொண்டவர், பெல்ட் போட்டிருந்தும் தரையில் மோதுவார். அவரைப் பார்த்து மேஸ்திரி "பெல்ட் போட்டியா?" என்று கேட்பதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. சரியான உயரத்தில், கான்கிரீட் போடும்போதே பதித்த வலுவான வளையம் வேண்டும். அதை வரைய வேண்டியவர் வடிவமைப்பாளர்.

கொக்கியே தேவைப்படாதபடி செய்வது அதைவிட மேல். 2017 நவம்பரில் ஓடத் தொடங்கிய ஹைதராபாத் மெட்ரோவின் உயர்பாதையைப் பாருங்கள். தூண்களுக்கு மேல் நீளும் அந்தப் பாலத்தை வார்க்க நடுரோட்டில் முழு நீளத்துக்கும் சாரம் கட்டவில்லை. உப்பல், குத்புல்லாபூர் முற்றங்களில் தரையிலேயே துண்டு துண்டாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து, மேலே தூக்கிக் கோத்தார்கள். இந்த முறையில் கம்பி கட்டுவதும் கான்கிரீட் ஊற்றுவதும் உயரத்தில் அல்ல, தரையில் நடக்கின்றன. தூக்கும்போது ஆபத்து உண்டுதான். ஆனால் உயரத்தில் நின்று செய்யும் வேலை வெகுவாகக் குறைகிறது. லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய சைக்கிள் பந்தய அரங்கின் கூரையையும் இப்படித்தான் யோசித்தார்கள்: எஃகுக் கம்பி வலையைத் தரையில் விரித்து இணைத்து, பிறகு மேலே தூக்கினார்கள். அந்த ஒலிம்பிக் பூங்காக் கட்டுமானத்தில் விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. எனக்கு அந்த அரங்கின் அழகைவிட இதுவே பெரிய சாதனை.

அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பெம் 2005-ல் 224 கட்டுமான மரணங்களை ஆராய்ந்து, அவற்றில் 42 சதவீதம் வடிவமைப்போடு தொடர்புள்ளவை என்றார். நம் நாட்டிலும் சட்டம் இதை அறியாமல் இல்லை. 1998-ன் கட்டடத் தொழிலாளர் மத்திய விதிகளில் 6-வது விதி, கட்டடக் கலைஞருக்கும் வடிவமைப்பாளருக்கும் நேரடியாகக் கடமை விதித்தது: திட்டமிடும்போதே தொழிலாளியின் பாதுகாப்பை எண்ணிப்பார்க்க வேண்டும், ஆபத்தான முறையையோ பொருளையோ கேட்கும் வடிவமைப்பைத் தவிர்க்க வேண்டும், பின்னாளில் பராமரிப்பு வேலைக்கு வருகிறவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 9-வது பிரிவும் இதையே சொல்கிறது. விபத்து நடந்தால் ஒப்பந்ததாரரைத் தேடுகிறோம், சூப்பர்வைசரைப் பிடிக்கிறோம். வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் அரிது.

பராமரிப்பைச் சட்டம் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் அமீர்பேட்டை மெட்ரோ நிலையத்தின் கீழே மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பெண்மீது மேலிருந்து பெயர்ந்த பூச்சு விழுந்து அவர் இறந்தார். உயரத்தில் இருக்கும் எந்தப் பூச்சையும் யாராவது அவ்வப்போது தட்டிப் பார்த்தாக வேண்டும். அவர் அங்கே எப்படிப் போவார், எங்கே நிற்பார் என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

புது ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் கார் நிறுத்த இடம் கேட்கிறார்கள், வாஸ்து கேட்கிறார்கள். ஏசியின் அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்றும் பில்டரிடம் கேளுங்கள். பால்கனியில் நின்றபடியே கைக்கெட்டும் இடத்தில் அதற்கு மேடை இருந்தால் நல்லது. இல்லையென்றால், கேஸ் நிரப்ப வரும் மெக்கானிக் ஜன்னல் வழியே சன்ஷேடில் இறங்கித்தான் ஸ்பேனரைத் திருகுவார்.