மூட்டைக்குள் என்ன? – 7: ஊதுலைக் கசடு

சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் சுட்டு, சிமென்ட்டுக்கு அடிப்படையான கிளிங்கர் எடுப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 800 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் கல்லுக்குள்ளிருந்தே வருவது. எரிபொருளை மாற்றினாலும் நிற்காது. ஆக, கிளிங்கரைக் குறைத்தாக வேண்டும். அந்த இடத்தில் எதைப் போடுவது?

இரும்பு ஆலையின் ஊதுலையைப் பாருங்கள். தாதுவில் கலந்திருக்கும் மண்ணும் மணலும், உலையில் சேர்க்கும் சுண்ணாம்புக்கல்லோடு உருகிக் குழம்பாக மேலே மிதக்கும். அதுதான் கசடு; ஆலைக்காரர்களுக்கு ‘ஸ்லாக்’. ஒரு டன் இரும்புக்கு 300, 400 கிலோகூடத் தேறும். தானாக ஆறவிட்டால் கல்லாகிவிடும், ரோட்டுக்கு ஜல்லியாகப் போடலாம். கொதிக்கும் குழம்பின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலோ, படிகமாக அவகாசமில்லாமல் கண்ணாடி மணலாகச் சிதறிவிடும். இதைச் சுண்ணாம்போடு சேர்த்தால் இறுகும் என்று 1862-ல் கண்டவர் எமில் லாங்கன் என்ற ஜெர்மானியர். கிளிங்கரில் தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பு பிறக்கிறதல்லவா, அரைத்த கசட்டைத் தட்டி எழுப்புவது அதுதான்.

நம் நாட்டில் ஐ.எஸ். 455 தர விதி, 25 முதல் 70 சதவீதம் வரை கசடு சேர்க்க அனுமதிக்கிறது. மூட்டையில் பி.எஸ்.சி. என்றிருக்கும். ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா, துர்காப்பூர் ஆலைகள் உள்ள கிழக்கு மாநிலங்களில் இது சகஜம். தமிழ்நாட்டுக் கடைகளில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி.தான் அதிகம்.

கசட்டு சிமென்ட் இறுகும்போது சூடு குறைவு. அதனால் கனத்த அஸ்திவாரங்களில் வெடிப்பு விடும் பயம் குறைகிறது. உப்பும் எளிதில் உள்ளே இறங்காது என்பதால், கடலோர வீடுகளில் கம்பி துருப்பிடிப்பது தள்ளிப்போகிறது. ஆனால் முதல் வாரத்தில் பலம் மெதுவாகத்தான் ஏறும். 28 நாளில் சாதா சிமென்ட்டை எட்டிப் பிடிக்கும், பிறகு தாண்டவும் செய்யும். அவசரப்பட்டு முட்டுப் பலகையைப் பிரிக்கும் மேஸ்திரிக்கு இது சரிப்படாது. சாதா சிமென்ட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவீர்கள் என்றால் இதற்குக் குறைந்தது பத்து நாள். பலகையைப் பிரித்ததும் கான்கிரீட் நீலப்பச்சையாகத் தெரிந்தால் பதறிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். காற்றுப் பட்டால் வெளுத்துவிடும்.

இவ்வளவு நல்ல சரக்கு எல்லோருக்கும் போதுமா? உலகம் ஆண்டுக்கு 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. கிடைக்கும் ஊதுலைக் கசடு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. போதாக்குறைக்கு, புகையைக் குறைக்க ஊதுலைகளே மூடப்படுகின்றன. வேல்ஸில் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் நின்றது. அதற்குப் பதிலாக வரும் மின் உலையின் கசட்டுக்கு இந்தக் குணம் அப்படியே வாய்ப்பதில்லை. இப்படி அருகிவரும் பொருளைச் சுவர்ப் பூச்சில் செலவழிப்பது வீண். அஸ்திவாரத்துக்கும், பாலத்துக்கும், உப்புக்காற்று அடிக்கும் ஊர்களின் கான்கிரீட்டுக்கும்தான் அது முதலில் போக வேண்டும்.