சுவருக்கு ஒரு நிலக்காட்சி: கன்வஸ் அச்சு வியாபாரம்

ரொமான்டிக் ஓவியம் என்றதும் காதல் ஜோடிகளின் படம் என்று நினைத்துவிடுபவர்கள் நமது கடைக்காரர்களிலும் இருக்கிறார்கள். ஓவிய உலகில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் மலையையும் மூடுபனியையும் புயலையும், அவற்றின் முன்னே மனிதன் எவ்வளவு சிறியவன் என்பது தெரியும்படி வரைந்தவர்கள் இருந்தார்கள். ஜேர்மனியில் கஸ்பர் டேவிட் பிரீட்ரிக், இங்கிலாந்தில் டேர்னர், கொன்ஸ்டபிள், அமெரிக்காவில் தோமஸ் கோல் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். இவர்களது படங்கள்தான் இப்போது கன்வஸ் துணியில் அச்சாகி வரவேற்பறைகளுக்கு வருகின்றன.

உருவப் படங்களை வீட்டில் மாட்ட விரும்பாத குடும்பங்கள் நம்மிடையே அநேகம். எனவே நிலக்காட்சிக்கு நம் மத்தியில் நல்ல சந்தை உண்டு என்பது எனது அபிப்பிராயம். ஆனால் படத்தை உற்றுப் பார்க்காமல் விற்கக் கூடாது. கோல் 1836இல் வரைந்த 'ஒக்ஸ்போ'வில் இடப்புறம் இடிமழை, வலப்புறம் வெயில் படிந்த ஆற்று வளைவு. தூரத்திலிருந்து பார்த்தால் ஆளே இல்லை. கிட்டப் போனால் கீழே தொப்பியுடன் ஓவியரே உட்கார்ந்திருக்கிறார்! கொன்ஸ்டபிளின் 'ஹே வெய்ன்' (1821) படத்தில் குதிரை வண்டியும் ஆட்களும் நடுவிலேயே நிற்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதைவிட, கடையிலேயே நாம் விரல் வைத்துக் காட்டிவிடுவது நல்லது.

அடுத்தது உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். பிரீட்ரிக் 1840இலும் கோல் 1848இலும் காலமானவர்கள். 'ஒக்ஸ்போ'வை வைத்திருக்கும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை, உரிமைக் காலம் முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் வர்த்தகப் பாவனைக்கும் இலவசமாக விட்டிருக்கிறது. விளக்கெரியும் குடிசைகளை வரைந்த தோமஸ் கின்கேடின் படங்களும் பார்வைக்குப் பழையவை போலவே தோன்றும். அவரோ 2012இல்தான் இறந்தார். அவற்றை அனுமதியின்றி அச்சிட்டால் 2082 வரை வழக்குக்கு இடமுண்டு.

படமே இலவசம் என்றால் வாடிக்கையாளர் எதற்குக் காசு தருகிறார்? வேலைக்குத்தான். 24க்கு 36 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் பார்த்தாலும் 3600க்கு 5400 பிக்ஸல் வேண்டும். 1200க்கு 1800 பிக்ஸல் படத்தை இழுத்துப் பெருப்பித்தால் மலையும் மேகமும் ஒரே குழம்பாகிவிடும்.

அளவும் அப்படித்தான். 'ஒக்ஸ்போ' 131க்கு 193 சென்ரிமீற்றர். 24க்கு 36 சட்டத்தில் அரை அங்குலம்கூட இழக்காமல் அமர்ந்துவிடும். பிரீட்ரிக்கின் மூடுபனிக் கடல் படமோ ஏறத்தாழ 75க்கு 95. அதே சட்டத்தில் திணித்தால் அகலத்தில் 4 அங்குலத்துக்கும் மேல் வெட்டுப்படும். அதற்கு 24க்கு 30 சட்டமே சரி.

விலை போடும்போது பலர் கோட்டைவிடும் இடம் ஒன்றுண்டு. ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள சட்டத்தில் துணியை மடித்து ஆணியடிக்கப் பக்கத்துக்கு 3 அங்குலம் கூடுதலாக வேண்டும். ஆகவே 24க்கு 36 படத்துக்குச் செலவாகும் துணி 30க்கு 42. அதாவது 864 சதுர அங்குலம் அல்ல, 1260. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! இதைக் கணக்கில் எடுக்காதவர் துணியிலேயே இலாபத்தை இழக்கிறார்.

ஈரக் காற்றுள்ள நமது கரையோரத்தில் சட்டத்துக்கு நன்கு காய்ந்த மரமே வேண்டும். பச்சை மரம் வளைந்தால் துணியும் தொய்யும். மூலைகளில் ஆப்பு வைத்த சட்டமாயின் பின்னர் இறுக்கிக்கொள்ளலாம். மை பிக்மன்ட் வகையாக இருக்கட்டும். சாய மை சீக்கிரம் மங்கும். மேலே ஒரு பூச்சு வார்னிஷும் அவசியம்.

அச்சின் மேல் தூரிகைத் தடம் தெரியும்படி ஜெல் பூசி, 'கையால் வரைந்தது' என்று விற்பவர்களும் உண்டு. வார்னிஷ் பூசலாம், ஜெல்லும் பூசலாம். ஆனால் பில்லில் 'அச்சுப் பிரதி' என்று எழுதிக் கொடுங்கள்.