பிள்ளையின் முதுகுக்கேற்ற புத்தகப் பை

ஜூன் மாதம் நெருங்கிவிட்டால் தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் கால் வைக்க இடமிருப்பதில்லை. சீருடை, காலணி, புத்தகப் பை என்று பெற்றோர் கடை கடையாய் ஏறி இறங்குகின்றனர். சீருடைக்குத் தோளையும் இடுப்பையும் அளக்கிறோம். காலணியைப் போட்டு நடந்து பார்க்கச் சொல்கிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் பிள்ளையின் முதுகில் ஏறியிருக்கப் போகும் பையை மட்டும், அதன்மேல் அச்சிட்டுள்ள படத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். "சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும், மூன்று ஆண்டுக்கு வரும்" என்ற சிக்கனமும் இதில் சேர்ந்துகொள்கிறது.

இதன் விளைவைக் காண வெகுதூரம் போக வேண்டுவதில்லை. காலை எட்டு மணிக்கு லஸ் முனையிலோ சாந்தோம் நெடுஞ்சாலையிலோ சிறிது நேரம் நின்று பார்த்தால் போதும். பை இடுப்புக்குக் கீழே இறங்கித் தொடையில் இடிக்க, தலையை முன்னே நீட்டி நடக்கும் சிறுவர்களைக் காண்கிறோம். அடையாற்றுச் சாலைகளில், தந்தையின் இரு சக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து செல்லும் சிறுமியைப் பை பின்னோக்கி இழுக்கிறது. ஒரு தோளில் மட்டும் பையை மாட்டிக்கொண்டு ஒருபக்கமாய்ச் சாய்ந்து போகும் பெரிய பிள்ளைகளும் உண்டு.

உடைக்கு அளவு உண்டு என்றால் பைக்கும் அளவு உண்டு. அந்த அளவை அறிந்து, வீட்டிலுள்ள தையல் இயந்திரத்திலேயே நம் பிள்ளைக்கு ஒரு பை தைப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

பழைய குறை, புதிய விதிகள்

புத்தகச் சுமை பற்றிய கவலை இன்று நேற்று எழுந்ததன்று. சென்னை புரசைவாக்கத்தில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது தமது முதற்பேச்சை இப்பொருளுக்கே ஒதுக்கினார். முதுகு வளைந்து, கைகள் முன்னே தொங்க நடக்கும் குழந்தைகளின் நிலையை அவர் எடுத்துரைத்தார். அப்பேச்சு எழுப்பிய சிந்தனையின் தொடர்ச்சியாகப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. 1993இல் அக்குழு, சுமையில்லாக் கல்வி வேண்டுமென்று அறிக்கை அளித்தது.

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பருவ முறை வந்தது. ஆண்டு முழுமைக்குமான பாடநூல்களை மூன்றாகப் பிரித்ததால், ஒரு பருவத்துக்குரிய நூலை மட்டும் பிள்ளைகள் சுமந்தால் போதும் என்றாயிற்று. 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று கூறிய ஆணையிலேயே, புத்தகப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றும் அறிவுறுத்தியது. 2020இல் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட புத்தகப் பைக் கொள்கையும் அதே அளவைத் தழுவி வகுப்புவாரியாக வரம்புகளைத் தந்தது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு 1.6 முதல் 2.2 கிலோ, மூன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு 1.7 முதல் 2.5 கிலோ; ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோ; எட்டாம் வகுப்புக்கு 2.5 முதல் 4 கிலோ. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 2.5 முதல் 4.5 கிலோ. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது அக்கொள்கை.

சுமை எங்கே அழுத்துகிறது?

பை சுமப்பதால் முதுகெலும்பே கோணிவிடும் என்று அஞ்சும் அன்னையர் பலர். அவ்வளவு அச்சம் தேவையில்லை. 2018இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, புத்தகப் பையே முதுகுவலிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்று கண்டது. ஆயினும் "பை கனமாக இருக்கிறது, சுமக்க முடியவில்லை" என்று உணரும் பிள்ளைகளுக்கும் முதுகுவலிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதற்கு அதே தொகுப்பில் சில குறிப்புகள் உண்டு. ஆகவே, பிள்ளை கனமென்று சொல்லும்போது அதைச் சோம்பல் என்று தள்ளிவிடலாகாது.

அந்தக் கனம் எடையால் மட்டும் வருவதன்று. எடை இருக்கும் இடமும் காரணமாகிறது. இரண்டு கிலோ புத்தகக் கட்டு முதுகெலும்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்கும் 15 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. நெம்புகோல் விதிப்படி, பிந்தியது பிள்ளையை மூன்று மடங்கு விசையுடன் பின்னே சாய்க்கிறது. அதைச் சமன் செய்யவே பிள்ளை தலையையும் உடலையும் முன்னே வளைக்கிறது. எனவே நல்ல பைக்கு இலக்கணம் மூன்று: முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும்; இடுப்புக்குக் கீழே இறங்கலாகாது; இரு தோள்களிலும் அகலமாய்ப் படிய வேண்டும்.

அளவெடுத்தல்

பிள்ளையை நேராக நிற்கச் செய்து, கழுத்தின் பின்புறம் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். பையின் உயரம் இதைத் தாண்டலாகாது. பின்பு ஒரு தோள்முனையிலிருந்து மறு தோள்முனை வரை அளந்து, அதில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறைத்தால் பையின் அகலம் கிடைக்கும். ஆழம் 12 சென்டிமீட்டர் போதும்; ஆழம் கூடினால் சுமை முதுகைவிட்டு விலகிப் போகும்.

எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு 34 செ.மீ. உயரம், 26 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம். அவரவர் பிள்ளையின் அளவுக்கேற்ப இவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

வேண்டிய பொருள்கள்

90 செ.மீ. அகலமுள்ள கான்வாஸ் துணி ஒன்றேகால் மீட்டர்; 53 செ.மீ. ஜிப் ஒன்று; 2.5 செ.மீ. அகல நைலான் நாடா ஒன்றரை மீட்டர். நாடாவை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் பிளாஸ்டிக் கொக்கி இரண்டு. தையல் ஓரங்களை மூட ஓரநாடா. முதுகுப் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் தடிப்பும் தோள்பட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள கெட்டி நுரைத்தகடு. மெத்தை இருக்கைகளுக்கு வைக்கும் மென்மையான நுரை வேண்டாம். சுமை ஏறியதும் அது அமுங்கிப்போகும். செருப்பின் அடிப்பாகம் போன்ற, நீர் உறிஞ்சாத தகடே உகந்தது. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் நம் ஊர் வியர்வையிலும் ஐப்பசி மழையிலும் விரைவில் இற்றுப்போகும். ஊசி 16 அல்லது 18ஆம் எண் வேண்டும்.

வெட்டுதலும் தைத்தலும்

சுற்றிலும் தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்துக் கீழ்க்கண்ட துண்டுகளை வெட்டிக்கொள்க: முன்துண்டு ஒன்று, பின்துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 37 x 29 செ.மீ.; அடிப்பட்டை ஒன்று, 73 x 15; ஜிப்பின் இருபுறப் பட்டைகள் இரண்டு, 53 x 8.5, உட்பை ஒன்று, 34 x 28, தோள்பட்டை இரண்டு, 40 x 15.

முதலில் ஜிப்பை இரு பட்டைகளுக்கும் நடுவே தைத்து, அதன் இரு முனைகளையும் அடிப்பட்டையின் இரு முனைகளோடு இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். அதுவே பையின் பக்கச் சுவர்.

அடுத்தது உட்பை. பையின் பயனே இதில்தான் அடங்கியிருக்கிறது. இதன் மேல்விளிம்பை மடித்துத் தைத்து, ஒரு பின்துண்டின்மேல் வைத்து, கீழ் மூலைகளில் சிறு மடிப்பு விட்டு மூன்று பக்கமும் தைக்க வேண்டும். கனமான நூல்கள் இதற்குள் சென்றால் எப்போதும் முதுகோடு ஒட்டியே நிற்கும். சோற்றுப் பாத்திரமும் பென்சில் பெட்டியும் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

தோள்பட்டைத் துணியை நீளவாக்கில் மடித்துத் தைத்து, திருப்பி, 5 செ.மீ. அகலமும் 36 செ.மீ. நீளமும் உள்ள தடித்த நுரைத்தகட்டை உள்ளே செலுத்துக. அதன் கீழ்முனையில் சிறு நாடா வளையத்தால் கொக்கியைப் பொருத்துக. மேல்முனைகளை மற்றப் பின்துண்டில், மேல்விளிம்புக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே, இரண்டுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தைக்க வேண்டும். இடைவெளி கூடினால் பட்டை தோளிலிருந்து வழுக்கும். குறைந்தால் கழுத்தை உராயும். கொக்கியில் கோக்கும் நாடாக்களைக் கீழ் மூலைகளில் பொருத்துக. பட்டை சேரும் இடங்களிலெல்லாம் உட்புறம் ஒரு துண்டுத் துணி கொடுத்து, சதுரமாகவும் அதனுள் பெருக்கல் குறியாகவும் கெட்டித்தையல் போட வேண்டும். பெரும்பாலான பைகள் முதலில் அறுந்துபோவது இந்த இடத்தில்தான்.

தோள்பட்டை தைத்த பின்துண்டின் உட்புறம் மெல்லிய நுரைத்தகட்டை வைத்து, மேலிருந்து கீழாக நான்கு வரிசைத் தையல் இட்டு, அதன்மேல் உட்பையுள்ள பின்துண்டை வைத்து ஓரங்களில் மட்டும் இணைத்துக்கொள்க. வரிசைகளுக்கு நடுவே உண்டாகும் பள்ளத்தில் காற்று புகுந்து, முதுகு வேர்ப்பதைச் சற்றுக் குறைக்கும். பிறகு கைப்பிடி நாடாவை மேலே வைத்து, முன்துண்டையும் பின்துண்டையும் பக்கச் சுவரோடு இணைத்துக்கொள்க. மூலைகளில் பட்டையின் விளிம்பைச் சிறிது கத்தரித்தால் துணி சுருங்காமல் திரும்பும். ஓரநாடாவால் விளிம்புகளை மூடினால் பை முடிந்தது. துணி பல மடிப்பாய்ச் சேரும் இடங்களில் காலால் மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுழற்றியே தைத்தால் ஊசி முறியாது.

இனி வீட்டுக் கணக்கு

பையைப் பிள்ளையின் முதுகில் மாட்டி, நாடாக்களை இழுத்து, பையின் அடி இடுப்பளவில் நிற்கும்படி செய்க. பட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். பின்பு பிள்ளையைப் பையுடனும் பையின்றியும் எடை பார்த்துக் கழித்துக்கொள்ளலாம்.

பிள்ளை 25 கிலோ என்றால் மொத்தச் சுமை இரண்டரைக் கிலோவாக இருக்கலாம். அதில் பை அரைக் கிலோ. அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ. பாத்திரத்தோடு உணவு ஏறத்தாழ 400 கிராம். எஞ்சுவது ஒரு கிலோவும் சொச்சமும்தான். நூலுக்கும் நோட்டுக்கும் உள்ள இடம் அவ்வளவே! எத்தனை நேர்த்தியாய்த் தைத்த பையும் இந்தக் கணக்கை மாற்றிவிடாது. எனவே இரவு படுக்கும்முன் மறுநாள் கால அட்டவணையைப் பிள்ளையோடு அமர்ந்து பார்த்து, வேண்டாத நூல்களை எடுத்து வைப்பது பெற்றோர் கடமை. பள்ளியில் நல்ல குடிநீர் கிடைக்குமானால் பெரிய புட்டிக்குத் தேவையில்லை. அதற்கு ஆசிரியர்களோடு பேசவும் தயங்க வேண்டாம்.

நம் பங்குக் குடும்பங்களில் தையல் அறிந்த அன்னையரும் சகோதரிகளும் பலர் உள்ளனர். கோடை விடுமுறையில் நாலைந்து வீட்டார் ஒன்றுகூடித் துணியையும் நாடாவையும் மொத்தமாய் வாங்கித் தைத்தால் செலவு குறையும். தைக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பை கிடைக்கும். பிள்ளை வளர்ந்தபின் அதே பை தம்பிக்கோ தங்கைக்கோ ஆகும். அப்போது மறவாமல் அந்தப் பிள்ளையின் முதுகையும் அளந்து பார்த்து, அதற்கேற்ப நாடாவைச் சரிசெய்து கொடுப்போமாக.