இண்டிகா, இண்டிகஸ், இண்டிகம்: மூன்றும் ஒன்றா?

நர்சரிச் செடியின் அட்டையிலும் மூலிகைப் பொடி டப்பாவிலும் தமிழ்ப் பெயருக்குக் கீழே வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். வேம்புக்கு அசாடிராக்டா இண்டிகா, மாமரத்துக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா, எள்ளுக்கு செசாமம் இண்டிகம். திமில் உள்ள நம் மாடுகளுக்கும் உண்டு: போஸ் இண்டிகஸ்.

இது என்ன மொழி? லத்தீன். 'இண்டிகா' என்ற சொல்லுக்கு 'இந்தியாவைச் சேர்ந்த' என்று பொருள். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் செடிகளுக்கு இப்படி இரட்டைப் பெயர் சூட்டினார். முன்பெயர் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்). பின்பெயர் அதற்குள் ஓர் இனத்தைக் குறிக்கும்.

கடைசி எழுத்து ஏன் மாறுகிறது? லத்தீனில் பொருள்களின் பெயருக்கும் ஆண்பால், பெண்பால், நடுப்பால் (இரண்டிலும் சேராதது) உண்டு. தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்கிறோம், 'நல்ல' மாறுவதில்லை. லத்தீனில் அதுவும் மாறும். ஆண்பாலுக்கு இண்டிகஸ், பெண்பாலுக்கு இண்டிகா, நடுப்பாலுக்கு இண்டிகம்.

அப்படியானால் புளியமரம் ஏன் டாமரிண்டஸ் இண்டிகா? 'அஸ்' ஆண்பால் ஈறுதானே? சரியான சந்தேகம். லத்தீனில் மரப்பெயர்களைப் பெண்பாலாகக் கொள்வது மரபு. அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா ஆனதும் அதனால்தான்.

இண்டிகா என்றால் இந்தியாவில் தோன்றியதா? அப்படிச் சொல்ல முடியாது. புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. கல்வாழையின் பெயர் கன்னா இண்டிகா. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. அந்தப் பக்கத்தையும் ஐரோப்பியர் 'இண்டீஸ்' என்றே அழைத்து வந்தார்கள். ஆகவே, "பெயரிலேயே இந்தியா இருக்கிறது, நாட்டு ரகம்தான்" என்று யாராவது விற்றால் நம்பிவிடாதீர்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? முன்பெயரையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் 'இண்டிகா' வேம்பாகவும் இருக்கலாம், மாவாகவும் இருக்கலாம், புளியாகவும் இருக்கலாம். டப்பாவில் 'செசாமம் இண்டிகா' என்றிருந்தால் அது வேறு ரக எள் என்று நினைக்க வேண்டாம். ஈறு தவறாக அச்சாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றப் பெயர்களுக்கும் இதே கணக்கு. 'வெள்ளை' என்ற பொருளில் சந்தனம் சாண்டலம் ஆல்பம். மல்பெரி மோரஸ் ஆல்பா. ஈறு மாறினாலும் பொருள் மாறாது. முன்பெயர் மாறினால் செடியே மாறிவிடும்.